செல்லாயம்மாள் செய்து பார்த்த பாடம்

1. நாயும் லேஸும்

பைபிள் உமன் வேலையில் முதல் நாள் நான் கற்றுக்கொண்டது நாயைச் சமாளிப்பதுதான். பயிற்சிப் பள்ளியில் வேதம் சொல்லிக்கொடுத்தார்கள், ஜெபம் சொல்லிக்கொடுத்தார்கள். நாமக்கல்லுக்குக் கிழக்கே, எருமப்பட்டிப் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் வாசலுக்கு ஒரு நாய் இருக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. குடையை விரித்து முன்னால் பிடித்துக்கொண்டு "அம்மா, அம்மா" என்று கத்தினேன். ஆண்டவருடைய நற்செய்தி அந்த ஊருக்குள் அப்படித்தான் நுழைந்தது.

இது வெள்ளைக்காரன் காலத்துக் கதை. இப்போது ஊழியத்துக்கு வருகிற பிள்ளைகளுக்கு பைபிள் உமன் என்றால் என்ன என்பதையே விளக்க வேண்டியிருக்கிறது. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்தும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்தச் சாக்கில் இயேசுவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இது மிஷன் வைத்த முறை. பெண்கள் லேஸை எடுத்துக்கொண்டு இயேசுவை என்னிடமே விட்டுவிடுவார்கள். அது அவர்கள் வைத்த முறை.

நாயை அதட்டி என்னை உள்ளே விட்டவர் செல்லாயம்மாள். நிலபுலன் உள்ள குடும்பம். வீட்டுக்காரர் இறந்து சில வருடம் ஆகியிருந்தது. மகன் ராமசாமி பண்ணையம் பார்த்தான். மருமகள் பாவாயிக்கு லேஸ் மேல் ஆசை.

"லேஸ் மட்டும் சொல்லிக் குடுங்கம்மணி. சாமி கதையெல்லாம் இந்தூட்டுல வேண்டாங்க" என்றார் செல்லாயம்மாள்.

"கேட்பதால் ஒன்றும் ஆகிவிடாதுங்க" என்றேன்.

"ஆகுதா இல்லையான்னு நானே பக்கத்துல உக்காந்து பாத்துக்கறனுங்க."

2. காவல்

சொன்னபடியே உட்கார்ந்தார். மடியில் முறத்தை வைத்து ஆமணக்கு உடைத்துக்கொண்டு, நான் மருமகளை மதம் மாற்றிவிடாமல் காவல் காத்தார். நான் பாவாயியைப் பார்த்துத்தான் பேசுவேன். பாவாயி ஊசியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் ஆண்டவரைப் பற்றி என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, அவருடைய அங்கி நெய்ததா, பின்னியதா என்பது.

கேள்வியெல்லாம் காவல்காரியிடமிருந்து வந்தது. ஒரு நாள் சிலுவையில் அறைந்தவர்களுக்காகவே அவர் வேண்டிக்கொண்டதைச் சொன்னேன். ஆமணக்கு உடைக்கும் சத்தம் நின்றுவிட்டது.

"ஆணியடிச்சவனுகளுக்கா வேண்டிக்கிட்டாரு?"

"ஆமாங்க."

"அந்தச் சாமிகிட்டப் போறதுக்கு வழி என்னுங்க?"

இப்படி ஒருவர் கேட்க வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சம்பளம். மனப்பாடமாக வைத்திருந்ததை ஒப்பித்தேன். விசுவாசம், மனந்திரும்புதல், ஜெபம், ஞானஸ்நானம். செல்லாயம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாஞ் சரிங்க. காலைல எந்திரிச்சா நான் என்ன பண்ணோணும்?" என்றார். அதற்குப் பயிற்சிப் பள்ளியில் பதில் கொடுத்திருக்கவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரத்துக்கு எங்கள் மேலதிகாரியான வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா கொடுத்த பாடம், பகைவனுக்கு நன்மை செய்வது. நான் யோசிக்காமல் அதைக் கொண்டுபோய்ச் சொன்னேன். வழக்கமான முடிவையும் சேர்த்துக்கொண்டேன்: நன்மை பெற்ற பகைவன் அழுதுகொண்டே ஓடிவந்து காலில் விழுவான். கேட்பவர்களுக்கு அது பிடிக்கும்.

செல்லாயம்மாள் முறத்தைக் கீழே வைத்தார்.

"ஏனுங்கம்மணி, இது செய்யறதுக்குச் சொன்னதா, சும்மா கேட்டுக்கறதுக்கா?"

3. பங்குக் கிணறு

அந்தக் கேள்வி எனக்கு ஏன் ஆபத்தாகப் பட்டது என்பதைச் சொல்ல வேண்டும்.

அந்த வீட்டுக்கு ஒரு பகையாளி இருந்தான். பங்காளி கருப்பண்ணன். வரப்புத் தகராறில் செல்லாயம்மாளின் வீட்டுக்காரரை மண்வெட்டிக் காம்பால் அடித்தவன். அடிபட்ட கை கடைசிவரை விளங்கவில்லை. அந்த மனுஷன் அந்தக் கையோடும் அந்த அவமானத்தோடுமே போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நெருப்பு, தண்ணீர் கிடையாது.

ஆனால் கிணறு ஒன்றுதான். பாட்டன் காலத்துப் பங்குக் கிணறு. ஒரு நாள் இவர்கள் முறை, மறுநாள் அவன் முறை. தன் முறையன்று தன் மாட்டைப் பூட்டிக் கவலை ஓட்ட வேண்டும்; அதாவது, மாட்டை முன்னும் பின்னும் நடத்தி, வடத்தில் கட்டிய தோல்சாலால் தண்ணீர் இறைத்துக்கொள்ள வேண்டும். மாடு பூட்டாதவனுக்கு அன்றைக்குத் தண்ணீர் இல்லை. ஊறிய தண்ணீர் அடுத்த முறைக்காரனுக்குச் சேர்ந்துவிடும். அந்தக் கோடையில் கருப்பண்ணனின் மாடு ஒன்று அடைப்பான் நோயில் செத்தது. பெரிய வீட்டைப் பகைத்துக்கொண்டு அவனுக்கு மாடு கொடுக்க ஊரில் ஆளில்லை. அவனுடைய மிளகாய்ச் செடி வாடத் தொடங்கியது. அவனுக்கு இருந்தது அந்த ஒரு வெள்ளாமைதான். ராமசாமியின் மிளகாய் இரண்டு பங்குத் தண்ணீர் குடித்துக் கொழுத்தது.

இதெல்லாம் ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். செல்லாயம்மாளின் முகத்தைப் பார்த்ததும் அவர் மனசு எங்கே போகிறது என்று புரிந்துவிட்டது. மகன் என்னை வாசலிலேயே நிறுத்திவிடுவான், வாராவாரம் கிடைத்த ஒரே வீடு போய்விடும் என்று பயந்தேன். ஆகவே, "அதை ஆவிக்குரிய அர்த்தத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும்" என்றேன்.

"அப்படீன்னா செய்ய வேண்டாமுங்களா?"

"முதலில் மனசுக்குள் நேசிக்கலாம். மற்றது பிறகு..."

"மனசுக்குள்ள நேசிச்சா மொளகாய்க்குத் தண்ணி பாயுங்களா?"

ஆட்களை அந்த வழிக்குக் கூப்பிடுவது எங்கள் தொழில். ஒருவர் நிஜமாகவே நடக்கக் கிளம்பினால் எங்களுக்குக் கை கால் ஓடாது.

மறுநாள் கருப்பண்ணனின் முறை. ராமசாமி சந்தைக்குப் போயிருந்தான். செல்லாயம்மாள் பண்ணையாளைக் கூப்பிட்டு மாட்டைப் பூட்டச் சொன்னார். சின்னப் பண்ணாடி ராமசாமி வந்தால் தோலை உரித்துவிடுவார் என்று அவன் ஒதுங்கிக்கொண்டான். அவரே பூட்டினார். பொம்பளை, அதுவும் தாலியறுத்தவர், கவலை ஓட்டுகிற அதிசயத்தைப் பார்க்க ஊர் கூடிவிட்டது. தண்ணீர் கருப்பண்ணனின் வாய்க்காலில் ஓடியது. பாவாயி சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். அவளும் அன்று லேஸை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கப் போயிருந்தாள்.

4. மிஸ்ஸியம்மாவின் கேள்வி

அடுத்த வாரம் நாயைக் கட்டியிருந்தார்கள். மகன் அவிழ்ந்து நின்றான்.

"எங்கம்மாளுக்கு என்னத்தைச் சொல்லிக் குடுத்தீங்க? எங்கப்பனை அடிச்சவனுக்கு எம்மாட்டை வெச்சே தண்ணி பாய்ச்சறாங்க! நானும் வேண்டாம்னு கால்ல உழுந்து பாத்துட்டேன். இனி இந்த வாசப்படி மிதிக்காதீங்க."

அவன் கண் கலங்கியிருந்தது. அப்பாவின் கையைப் பார்த்து வளர்ந்தவன். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

மிஸ்ஸியம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் தமிழை வேதத்திலிருந்தே படித்தவர்.

"அந்த ஸ்திரீ ஞானஸ்நானம் பெறச் சித்தமாயிருக்கிறாளோ?"

"இல்லீங்க."

"நெற்றிக் குறியை அகற்றினாளோ?"

"இல்லீங்க. திருநீறு பூசிக்கொண்டுதான் கவலை ஓட்டினாராம்."

"ஐயோ, அந்த வீடு நம் கையைவிட்டுப் போயிற்றே" என்று மிஸ்ஸியம்மா உண்மையாகவே வருத்தப்பட்டார். செல்லாயம்மாளுக்காக ஜெபித்தோம். எதற்காக ஜெபிக்கிறோம் என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கண்ணை மட்டும் மூடிக்கொண்டேன்.

5. கவலையடியில்

சித்திரை முடியும்போது அந்த வழியாக வேறு ஊருக்கு நடந்தேன். கிணற்றடியில் செல்லாயம்மாள் மாட்டுக்கு நிழலில் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். கறுத்து இளைத்துப் போயிருந்தார். கருப்பண்ணனின் ஒவ்வொரு முறைக்கும் அவரேதான் இறைக்கிறார் என்று கேள்விப்பட்டேன். மகன் அம்மாவிடம் பேசுவதில்லை.

"கருப்பண்ணன் வந்து பார்த்தாரா?" என்று கேட்டேன். காலில் விழுந்தானா என்று கேட்க வாய் வரவில்லை.

"எங்கீங்க! அவன் முறையவே எழுதி வாங்கறதுக்குக் கெழவி சூழ்ச்சி பண்றான்னு ஊரெல்லாம் சொல்லீட்டுத் திரியறான். தண்ணிய மட்டும் வேண்டாங்கறதில்லை. மடை திருப்பிக்கறான்."

"அப்புறமும் எதற்குங்க?"

"அவன் நல்லவனா இருந்தா நான் எதுக்குங்க அந்தச் சாமிகிட்ட வழி கேக்கோணும்? சும்மாவே குடுத்திருப்பனே. ஒவ்வொரு நாளும் வடத்தைத் தொடறப்ப அவன் கைய ஒடிக்கோணும்னுதான் தோணுது. அப்பறம் அந்த ஆணியடிச்சவனுகள நெனச்சுக்கறேன். மாடு நகருது."

எனக்கு அவரை விட மனசில்லை. மகனுக்குத் தெரியாமல் இங்கேயே வந்து மற்றப் பாடங்களையும் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

செல்லாயம்மாள் நிஜமாகவே பயந்துவிட்டார். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"வேண்டாஞ் சாமி, வராதீங்க. இன்னொண்ணு சொல்லிப் போட்டீங்கன்னா அதையுஞ் செய்யோணுமில்லீங்க? இந்த ஒண்ணையே என்னால இன்னும் முடிக்க முடியலைங்க."

மாட்டைத் திருப்பிக்கொண்டு கவலைக்குப் போய்விட்டார்.

ஒருவர் வழியைக் கண்டுகொண்டார் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்று இளம் ஊழியர்கள் என்னிடம் கேட்கிறார்கள். அடுத்த பாடத்தைக் கேட்க ஆவலாக முன்வரிசையில் உட்காருகிறவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நானும் ஆயுசு முழுக்க அந்த வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த பாடம் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றவரை என் சர்வீஸில் ஒருவரைத்தான் பார்த்தேன்.