பதினேழாம் நம்பர் எழுதாத பலகை

கண்டக்டரின் மனைவிக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு வலது கை விழுந்துபோன வருடம், அந்த அம்மாவின் சட்டைகள் ஆறும் தையலக்கா வீட்டுக்குப் போயின. தோளைக் கொஞ்சம் தளர்த்திக் கொடுக்கச் சொல்லி மட்டும்தான் அனுப்பியிருந்தார்கள். நாலாம் நாள் திரும்பி வந்த சட்டைகள் பார்வைக்குப் பழையபடியே இருந்தன. பொத்தான்கள்கூட இருந்த இடத்திலேயே வரிசையாக இருந்தன. ஆனால் மறுநாள் காலையில் அந்த அம்மா யாரையும் கூப்பிடாமல், இடது கையாலேயே சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்து நின்றார். முகத்தில் ஒரு சிரிப்பு. கை விழுந்த பிறகு கண்டக்டர் அந்தச் சிரிப்பைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

துவைக்கப் போட்டபோதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. பொத்தான் துளைகளையெல்லாம் தைத்து மூடி, பொத்தான்களை மேலே சும்மா பார்வைக்கு வைத்து, அடியில் ஒட்டிப் பிரிக்கிற பட்டை வைத்துத் தைத்திருந்தார் தையலக்கா. ஒரு கையால் அழுத்தினால் போதும், ஒட்டிக்கொள்ளும். வெளியே பார்க்கிறவர்களுக்கு அது எல்லாரையும் போல பொத்தான் போட்ட சட்டைதான். இதைப் பற்றி அந்த அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேரில் பார்த்து நன்றி சொல்ல வேண்டும் என்று கண்டக்டரும் நினைத்தார். நாளைக்கு, நாளைக்கு என்று அது அப்படியே நின்றுபோனது.

தையலக்கா என்பது தெரு வைத்த பேர். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பதினேழாம் நம்பர் வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலை ஒட்டி மிஷின். வேலை தேடி வெளியூர் போன புருஷன் போனவர்தான், திரும்பவில்லை. அதைப் பற்றி அக்கா யாரிடமும் புலம்பியது கிடையாது. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால், விளக்கு வைக்கிற நேரம்வரை கால் மிதித்துக்கொண்டே இருக்கும். தெருவில் போகிறவர்களின் தோளைப் பார்த்தே சேதி சொல்லிவிடுவார். ஒருநாள் மருந்துக்கடைக்காரரை நிறுத்தி, "என்ன சார், இடது தோள் அரை அங்குலம் இறங்கியிருக்கு, வீட்ல சண்டையா?" என்று கேட்டாராம். சண்டைதான். ஊருக்கே மருந்து கொடுக்கிறவர் அன்றைக்கு வாயைத் திறக்காமல் போய்விட்டார்.

அந்தத் தெருவில் முப்பத்திரண்டு வீடுகள். பாதிக்கு மேல் புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகள். காலை ஒன்பது மணிக்கு மேல் தெரு வெறிச்சென்று கிடக்கும். திருடர்களுக்கு இருட்டு தேவைப்படவில்லை. இரண்டு மாதத்தில் மூன்று வீடுகள் பட்டப்பகலில் உடைந்தன. ஒரு வீட்டில் டிவி போனது. இன்னொரு வீட்டில் கேஸ் சிலிண்டரையே அவிழ்த்துக்கொண்டு போயிருந்தார்கள். மூன்றாவது வீட்டில் எடுக்க ஒன்றும் இல்லாத கோபத்தில் கண்ணாடியை உடைத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. அதோடு சரி.

அப்போதுதான் மருந்துக்கடைக்காரர் தன் மாடியில் எல்லாரையும் கூட்டி, நம் தெருவை நாமே பார்த்துக்கொள்வோம் என்று ஆரம்பித்தார். அவர் தலைவர். முப்பது வருடம் பஸ்ஸில் விசில் ஊதி ஓய்வு பெற்ற கண்டக்டர் செயலாளர். வீட்டுக்கு ஒரு விசில் வாங்கிக் கொடுத்தார்கள். ஆபத்து என்றால் ஊத வேண்டியது, கேட்டவர்கள் ஓடி வர வேண்டியது. செயலாளருக்கு இன்னும் விசில் ஆசை போகவில்லை என்று பள்ளி வேன் ஓட்டுகிற டிரைவர் கேலி செய்தார். கண்டக்டருக்கு அந்தக் கேலிகூட இனித்தது. வேலையை விட்டு வந்த நாளிலிருந்து அவரிடம் யாரும் எதையும் கேட்டு வந்ததில்லை. இப்போது பத்து பேர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பலகை யோசனை அவருடையதுதான். பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குச் சேர்ந்தது என்று டிரிப் ஷீட்டில் எழுதி எழுதிப் பழகிய கை. ஒரு கரும்பலகை செய்து, தெரு ஆரம்பத்தில் மருந்துக்கடைச் சுவரில் மாட்டினார். வீட்டு நம்பர், கிளம்பும் நேரம், திரும்பும் நேரம் என்று மூன்று கட்டம். பூட்டிவிட்டுப் போகிறவர்கள் போகிற போக்கில் அவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவர் எழுதி வைப்பார். வீட்டில் இருக்கிறவர்கள் அதைப் பார்த்து, ஆள் இல்லாத வீடுகளின் பக்கம் ஒரு கண் வைத்துக்கொள்வார்கள். கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்றது தையலக்கா ஒருத்தர்தான்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. எந்த வீட்ல ஆள் இல்லைன்னு நாம தெரிஞ்சுக்கத்தான் எழுதுறோம். ஆனா தெருவுல மாட்டினா எல்லாரும்தானே படிப்பாங்க?"

வேன் டிரைவர் சும்மா இருப்பாரா. "படிக்கத் தெரிஞ்சவன் ஏங்கக்கா திருட வர்றான்? ஆபீஸ்ல உட்கார்ந்திருக்க மாட்டான்?"

மாடியே சிரித்தது. கண்டக்டரும் சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். தன் யோசனையைப் பத்து பேர் முன்னால் ஒருத்தர் ஓட்டை என்று சொன்னது அவருக்குச் சுருக்கென்று தைத்திருந்தது. "ஏம்மா, துணியை அளக்கறது வேற, தெருவை அளக்கறது வேற. இதை எங்ககிட்ட விட்டுடு" என்றார். இன்னொரு சிரிப்பு எழுந்தது. தையலக்காவும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். ஆனால் தனக்குச் சரியென்று படாத காரியத்துக்குத் துணை போகிறவர் இல்லை அவர். வெளியே போகும்போது தன் வீட்டு நம்பரை மட்டும் எழுதச் சொல்லவில்லை. கண்டக்டர் கேட்டால், "எங்க வீட்ல எடுக்க என்ன இருக்குண்ணே, இஞ்ச் டேப்பா?" என்று போய்விடுவார்.

முதல் மாதம் ஒரு திருட்டும் இல்லை. பக்கத்துத் தெருக்காரர்கள் வந்து பலகையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கண்டக்டர் தினமும் காலையில் ஈரத்துணியால் துடைத்து, அச்சு மாதிரி எழுதினார். கடவுள் தனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார் என்று ராத்திரி படுக்கும்போது மனசு நிறைந்து நன்றி சொன்னார்.

இரண்டாவது மாதம் ஆறாம் நம்பர் போனது. அடுத்த வாரம் இருபத்திரண்டு. அதற்கடுத்து பதினொன்று. பூட்டிய அரைமணி நேரத்துக்குள் வந்து, வீட்டுக்காரர் திரும்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுகிற திருட்டு. ஒரு விசிலும் ஊதப்படவில்லை. உள்ளே இருக்கிற யாரோதான் சேதி சொல்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. பலகையைச் சந்தேகப்பட ஒருவருக்கும் தோன்றவில்லை. பலகைதான் தெருவைக் காப்பாற்றுகிறது என்று அவ்வளவு நம்பிக்கை.

"பலகையில நம்பர் எழுதாத வீடு ஒண்ணே ஒண்ணுதான்" என்றார் வேன் டிரைவர். இந்தத் தடவை அவர் கேலியாகச் சொல்லவில்லை.

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறவர் யார்? முன்பின் தெரியாத ஆட்கள் பையும் மூட்டையுமாக வந்து போகிற வீடு எது? பலகை வேண்டாம் என்று முதலில் சொன்னது யார்? ஒன்றோடொன்று கோத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகப் பொருந்துகிற மாதிரியே இருந்தது. கண்டக்டருக்கு மட்டும் பொருந்தவில்லை. அந்தப் பொத்தான்களைத் தைத்த கை யாருடையது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அவர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், பிறகு யார் என்று கேட்பார்கள். 

தெருமுனையில் ஒரு நாற்காலி போட்டு, பதினேழாம் நம்பருக்கு வருகிறவர்களின் பெயர், போன் நம்பர், வந்த காரியம் எல்லாம் எழுதுவது என்று முடிவானது. நாற்காலியில் உட்கார்ந்தது கண்டக்டர். உள்பாவாடைக்கு நாடா மாற்ற வந்த பெண்ணிடம், என்ன தைக்க வந்தீர்கள் என்று ஒரு கிழவர் நோட்டும் பேனாவுமாகக் கேட்டால் அவள் என்ன சொல்வாள்? ஒருத்தி முகம் சிவந்து திரும்பிப் போனாள். இன்னொருத்தி சண்டை போட்டுவிட்டுப் போனாள். மூன்று வாரத்தில் மிஷின் சத்தம் மத்தியானத்தோடு நின்றுபோக ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கண்டக்டரின் நெஞ்சில் இன்றைக்கும் கிடப்பது. சும்மா ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் எல்லார் மனசும் அடங்கும் என்று சொல்லி, தலைவரும் வேன் டிரைவரும் அவரைக் கூட்டிக்கொண்டு பதினேழாம் நம்பருக்குப் போனார்கள். விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும்போதே தையலக்காவுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து, தைக்க வந்த துணிப் பைகளை ஒவ்வொன்றாகத் தானே எடுத்து, அவிழ்த்து, உதறிக் காட்டினார். இது யாருடையது, எப்போது கொடுக்க வேண்டியது என்றும் சொன்னார். அலமாரியைத் திறந்து விட்டார். படுக்கையைத் தூக்கிக் காட்டினார். கடைசிப் பையை மடித்து வைத்துவிட்டு கண்டக்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"வேற எதாவது பார்க்கணுமாண்ணே?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பார். இன்னும் ஒரு அளவு எடுக்க வேண்டுமா என்று கேட்கிற குரல் அது. அவர் கையில் இருந்த நோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "போதும், வாங்க போகலாம், இவங்க அப்படிப்பட்டவங்க இல்ல" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆண்டவன் அந்த நேரத்தையும் கொடுத்தான், வாயையும் கொடுத்தான். அவர் தலையை இல்லை என்று ஆட்டிவிட்டு வெளியே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். அந்த அம்மா ஜெபப் புத்தகத்தை மூடி வைத்தார். பிறகு, "முப்பது வருஷம் ஊதின பழக்கமோ என்னமோ, வாயில விசில் இருந்தாத்தான் உங்களுக்குச் சத்தம் வருது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டு மேஜை மேல் இருந்தது, பரிமாற ஆள் இல்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, நாலு தெரு தள்ளி ஒருவனைப் பிடித்தார்கள். தண்ணீர் பில்டர் ரிப்பேர் செய்கிற உடுப்புப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு பெட்டியோடு திரிந்தவன். அவனுடைய போனில் ஐம்பது அறுபது படங்கள் இருந்தன. எல்லாம் ஒரே கரும்பலகைதான், நாள்வாரியாக. காலை ஒன்பது மணி வாக்கில் மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை வாங்குகிற சாக்கில் வந்து, நின்று, எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். செயலாளர் என்று கண்டக்டரைத்தான் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். போலீஸ்காரர் படத்தை விரலால் பெரிதாக்கிக் காட்டினார்.

"யார் எழுதினது இது? முத்து முத்தா இருக்கே. அவனுக்குச் சிரமமே வைக்கலை நீங்க."

திரும்பி வருகிற வழியில் கோயில் வாசலில் சற்று நேரம் நின்றார். உள்ளே போகக் கால் வரவில்லை. நேராகப் போய்ப் பலகையைக் கழற்றினார். எழுத்தைத் துடைக்காமல் அப்படியே வீட்டுக்குத் தூக்கிவந்து, தன் பெயரில் தண்டனை எழுதியிருக்கிற மாதிரி கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார்.

அன்று சாயங்காலம் மாடியில் கூட்டம். தையலக்காவிடம் யார் போய்ச் சொல்வது என்று பேச்சு வந்தது. தலைவர் செயலாளரைப் பார்த்தார், செயலாளர் டிரைவரைப் பார்த்தார், டிரைவர் தன் செருப்பைப் பார்த்தார். எல்லாரும் சேர்ந்து போகலாம், ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று முடிவு செய்து கலைந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை பதினேழாம் நம்பர் வாசலில் ஒரு சின்ன லாரி நின்றது.

தங்கை இருக்கிற ஊருக்குப் போகிறார் என்றார்கள். பத்து நாள் முன்பே வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டாராம். உண்மை தெரிந்த பிறகு அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர் கையைப் பிடித்து இருக்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். அக்கா யாரும் வாங்க வராமல் கிடந்த துணிகளையெல்லாம் தைத்து, பேர் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சாமான் கட்டினார்.

கண்டக்டர் சட்டையைக்கூடச் சரியாகப் போடாமல் வந்து நின்றார். மனசுக்குள் சொற்களை அடுக்கிக்கொண்டுதான் வந்தார். மன்னிக்கணும் தங்கச்சி, நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும், நீ முதல் நாளே சொன்னதுதான் சரி. மூன்றே வரி. மிஷினை லாரியில் ஏற்றும்போது ஒரு பக்கம் தானும் பிடித்துத் தூக்கினார். வைத்துவிட்டு நிமிர்ந்தார். "மழை வர்ற மாதிரி இருக்கு. தார்ப்பாய் போட்டிருக்காங்களா?" என்றார். வாயிலிருந்து வந்தது அதுதான்.

"போட்டிருக்காங்கண்ணே" என்றார் தையலக்கா. அண்ணி எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். தோள் தளர்ந்திருக்கிறது, வேளைக்குச் சாப்பிட வேண்டும் என்றார். யாருடைய தோள் என்று சொல்லவில்லை. பிறகு லாரி டிரைவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். அன்றைக்குப் பிறகு கண்டக்டர் அவரைப் பார்க்கவில்லை. தங்கை ஊர் விலாசத்தைக் கேட்டு வாங்கி எழுதிய கடிதத்துக்கும் பதில் வரவில்லை. போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

அன்று லாரி உறுமிக் கிளம்பும்போது தையலக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அண்ணே, பலகையைக் கழட்டிட்டீங்க, அதுக்கு அடியில சாக்பீஸ் தொங்கவிட ஒரு ஆணி அடிச்சிருந்தீங்களே, அது அப்படியே நீட்டிட்டு நிக்குது. குழந்தைங்க உசரத்துல இருக்கு. நேத்து ஒரு பிள்ளையோட சட்டை மாட்டிக் கிழிஞ்சுபோச்சு, தைச்சுக் கொடுத்தேன். இனிமே தைக்க நான் இருக்க மாட்டேன். அதைப் பிடுங்கிடுங்க."