முகத்துக்கு வெளிச்சம், சீலைக்கு நேரம்

பிலிம் கழுவுகிற மருந்து டாங்கியைக் கவிழ்த்து நிமிர்த்திக்கொண்டிருக்கும்போது உதயகலா ஒருவரோடும் கதைக்கமாட்டார். வாசலில் நின்று கூப்பிட்டால் இடது கை மட்டும் எழும்பும். பொறு என்று அர்த்தம். கவிழ்ப்பார், மேசையில் ஒரு தட்டுத் தட்டுவார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். கும்பிடுகிறார் என்று நினைத்து, உதவிக்குப் போன முதல்நாள் நானும் பவ்வியமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பிறகு கேட்டால், மருந்து நெடிக்குக் கண் எரியுதாம்.

வல்வெட்டித்துறையில், கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு வாடகை அறை. காலையில் டிஜிட்டல் கமராவில் அடையாள அட்டைப் படம் எடுப்பார்; அது வயிற்றுப்பாடு. பின்னேரம் கறுப்புவெள்ளைப் பிலிம் கழுவுவார், அது பிடிவாதம். பிலிம் றோல் கனடாவிலிருந்து யாராவது சொந்தக்காரர் வந்தால்தான் உண்டு. ஐஸ் மட்டும் உள்ளூர். எங்கள் வெக்கைக்கு மருந்து சூடேறினால் அவசரப்பட்டு வேலை செய்துவிடும் என்று மீன்வாடியில் ஐஸ் வாங்கி வாளியில் போட்டு, அதற்குள் மருந்துப் போத்தலை இறக்கி வைப்பார். சிலநாள் ஐஸோடு ஒரு சூடைமீனும் சேர்ந்து வரும். அதை மதிலில் பூனைக்கு வைத்துவிட்டுத்தான் வேலை தொடங்கும்.

கரையில் கருவாடு போடுகிற நாகேஸ்வரி இந்த வருடம் கருவாடு போடுகிறவர்களின் சங்கத்துக்குத் தலைவியானார். இதுவரை எல்லாத் தலைவர்களும் ஆண்கள். வெள்ளிக்கிழமை திறக்கப்போகும் புது மண்டபத்தில் அவருடைய படம் மாட்டவேண்டும். செயலாளர் சோமசேகரத்தார் அவருடைய பழைய படமொன்றைப் பட்டணத்தில் ஒரு ஸ்ரூடியோவில் கொடுத்து முகத்தை நன்றாக வெளுப்பாக்கி எடுப்பித்துவந்தார். அதைப் பார்த்த நாகேஸ்வரி, “உவ ஆர்?” என்று மட்டும் கேட்டாராம். பிறகு நேரே உதயகலாவிடம் வந்துவிட்டார்.

“பிள்ளை, என்னை என்ரை நிறத்திலை எடு. ஏலாதெண்டால் சொல்லு. நான் படமில்லாமல் இருப்பன்.”

அறைக்குள் வந்து நிற்கமாட்டாராம். கருவாடு பிரட்டுகிற இடத்தில், பிரட்டுகிற நேரத்தில், சங்கத்து வெள்ளைச் சீலையோடு எடுக்கவேண்டுமாம். உச்சி வெயில், வெள்ளை மணல், வெள்ளைச் சீலை, நடுவில் வெயிலிலேயே விளைந்த கரிய முகம். வேறு ஆளென்றால் கமராவைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கும். உதயகலா ஓம் என்றுவிட்டார்.

கரையில் எடுத்துவந்த முதல் றோலை, பிலிம் பெட்டியில் அச்சடித்திருந்த நேரப்படியே கழுவினார். முகம் வந்தது, ஆனால் சீலை வெறும் சுண்ணாம்புச் சுவராகிவிட்டது. அடுத்த றோலுக்கு நேரத்தைப் பாதியாக வெட்டினார். மணல், சீலை, முகம் எல்லாம் ஒரே சாம்பலாகக் கஞ்சித்தண்ணி போலக் கிடந்தன. கையில் மிஞ்சியது ஒரேயொரு றோல். அது புதன்கிழமை. சோமசேகரத்தார் வெளுத்த படத்துக்குச் சட்டமும் போட்டுவிட்டார் என்று சந்தையில் கதை வந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. கொம்பியூட்டரில் போட்டுச் சரிபண்ணினால் என்ன என்று கேட்டுவிட்டேன்.

“கொம்பியூட்டரிலை சரிபண்ணித்தானே அண்ணை அந்த வெள்ளைக்காரி வந்தவ?”

கொஞ்ச நேரத்தில் கோபம் ஆறி அவரே விளங்கப்படுத்தினார்.

“இருட்டான இடம் மருந்துக்குள்ளை கெதியாய் வந்து முடிஞ்சிடும். அதுக்குப் பிறகு எவ்வளவு நேரம் கிடந்தாலும் பெரிசாய் ஏறாது. வெளிச்சமான இடந்தான் கிடக்கக் கிடக்க ஏறிக்கொண்டே போகும். அப்ப முகத்தைக் கமராவிலை பிடிக்கவேணும், சீலையை மருந்திலை பிடிக்கவேணும்.”

அன்று மத்தியானமே கரைக்குப் போனோம். நாகேஸ்வரி குனிந்து கருவாடு பிரட்டியபடியே இருந்தார். உதயகலா வெளிச்சமானியை அவர் கன்னத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் அளந்தார். மணலையும் சீலையையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முகத்துக்கு வேண்டிய வெளிச்சத்தைத் தாராளமாகக் கொடுத்தார். “அக்கா, இஞ்சை” என்றதும் நாகேஸ்வரி நிமிர்ந்தார், சிரிக்கவில்லை.

திரும்பி வந்து டாங்கியில் மருந்தை ஊற்றினார். இம்முறை குலுக்குவதும் மெதுவாகத்தான். கூடக் குலுக்கினாலும் வெள்ளை ஏறிவிடுமாம். பாதி நேரம் தாண்டியது. முழு நேரத்துக்கு இன்னும் நிறைய இருந்தது. முந்திக் கவிழ்த்தால் சாம்பல், பிந்தினால் சுவர். உதயகலா ஒருமுறை மணிக்கூட்டைப் பார்த்தார், மூடியைக் கழற்றினார், மருந்தை மடமடவென்று தொட்டிக்குள் கவிழ்த்தார். அந்தத் துணிவைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

மிச்ச மருந்தும் கழுவலும் முடிந்ததும் ஈரப் பிலிமை யன்னலுக்கு நேரே பிடித்துப் பூதக்கண்ணாடியை வைத்தார். நெகற்றிவ்வில் எல்லாம் தலைகீழ். சீலைதான் அங்கே கறுப்பு. அந்தக் கறுப்புக்குள் வெகுநேரம் தேடினார். “கொசுவம் தெரியுது” என்றார். பிறகு கதிரையைத் தேடி உட்கார்ந்துவிட்டார்.

வியாழக்கிழமை நாகேஸ்வரியையும் கூட்டிக்கொண்டு படத்தை மண்டபத்துக்குக் கொண்டுபோனோம். சோமசேகரத்தார் சுத்தியலும் கையுமாக நின்றார். மேசையில் வெளுத்த நாகேஸ்வரி கண்ணாடிச் சட்டத்துக்குள் கிடந்தார். உதயகலா கொண்டுவந்த படத்தைப் பார்த்துவிட்டு, தலைவி எண்டால் கொஞ்சம் வெளிச்சமாய் இருக்கத்தானே வேணும் என்று சோமசேகரத்தார் இழுத்தார்.

நாகேஸ்வரி படத்தை வாங்கிக்கொண்டு யன்னலடிக்குப் போனார். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே இழுத்துவிட்டு, தன் முன்கையைப் படத்திலிருந்த முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு, வைத்த கையை எடுக்காமல், படத்தோடு அப்படியே சோமசேகரத்தாரின் பக்கம் திரும்பி நின்றார்.