இரண்டாவது கரண்டி

அம்மாவின் இடது மணிக்கட்டில் எலும்பு சற்றுப் புடைத்திருக்கும். மரக்கரண்டி பலமுறை ஒரே இடத்தில் பட்டதால் வந்தது.

அவள் பெயர் மியென். தாய் இறந்தபின் சித்தியிடம் வளர்ந்தாள். எங்கள் பக்கம் எல்லோரும் பாயில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது, சோற்றுப் பானைக்கு அருகில் வீட்டுப் பெண் ஒருத்தி உட்காருவாள். எல்லோருடைய கிண்ணத்திலும் அவள்தான் சோறு போட வேண்டும். சித்தி வீட்டில் அது மியெனின் இடம். எல்லோரும் கிண்ணம் நீட்டி முடிக்கும்போது பானையின் அடியில் ஒட்டிய காந்தல்தான் மிஞ்சும். அது அவளுக்கு. அதற்கு முன்பே ஒரு வாய் எடுத்தால் கரண்டி மணிக்கட்டில் விழும்.

வயது வந்ததும் நாம் தின் என்ற நகரத்துக்கு ஓடிவந்து ஒரு நெசவாலையில் சேர்ந்தாள். அங்கே தறிகளைப் பழுது பார்த்தவர் தோவான். என் அப்பா. ஆலையின் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் வெள்ளைச் சோற்றுக்கு முண்டியடிக்க, ஒரு பெண் மட்டும் அண்டாவின் அடியைச் சுரண்டுவதைப் பார்த்தார்.

"காந்தல்னா அவ்ளோ பிரியமா?"

"பழகிப்போச்சு."

"எனக்கு மெஷின் எண்ணெய் நாத்தம் பழகிப்போச்சு. அதுக்காக எடுத்துக் குடிக்கிறேனா?"

அவள் சிரிக்கவில்லை. அப்பாவும் விடவில்லை. அவளுடைய சைக்கிள் சங்கிலி அதன்பின் ஒருநாளும் எண்ணெய் இல்லாமல் காய்ந்திருந்ததில்லை. கல்யாணம் என்று அவர் முதலில் கேட்டபோது மாட்டேன் என்றாள். மறுபடி கேட்டபோது காரணம் சொன்னாள்.

"உங்களைப் பிடிக்கும். ஆனா உங்க வீட்டுலயும் ஒரு பானை இருக்கும்ல?"

அப்பா யோசித்தார். "இருக்கும். அது பக்கத்துல நான் உட்கார்றேன்."

"கல்யாணத்துக்கு முன்னாடி ஆம்பளைங்க என்ன வேணா சொல்வீங்க."

"அப்ப முன்னாடியே வந்து பாரு. ஒருவேளைச் சாப்பாடு. பிடிக்கலைன்னா எழுந்து போயிடு. பின்னாலயே வந்து தொல்லை பண்ண மாட்டேன்."

அப்பாவுக்குப் பெற்றோர் இல்லை. வளர்த்தது அக்கா, எங்கள் துயெத் அத்தை. ரேஷன் காலம். தம்பி பெண்ணைக் கூட்டிவருகிறான் என்று அத்தை அன்று மரவள்ளி கலக்காமல் சோறு ஆக்கியிருந்தாள். வரப்போகிற பெண் பானையருகே உட்கார்ந்து எப்படிச் சோறு போடுகிறாள் என்பதை வைத்தே அவளை எடைபோடுவார்கள். மியென் பாயின் மறுகோடியில், வாசலை ஒட்டி உட்கார்ந்தாள்.

"ஏம்மா, பானை இங்கல்ல இருக்கு? கை கிய் சுளுக்கிக்கிச்சா?" என்றாள் அத்தை.

மியென் கையை ஊன்றி எழப்போனாள். எழுவது பானைக்கா, வாசலுக்கா என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. எட்டிப் பானையின் விளிம்பைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். விரல் சுட்டது. விடவில்லை.

"டேய், என்னடா பண்ற?"

"நான் போடறேன்க்கா."

"நீயா? கரண்டில எது தலை எது வால்னு தெரியுமாடா உனக்கு?"

தெரியாதுதான். கிண்ணத்தை நீட்டியே பழகியவர். கரண்டியை மண்வெட்டி போல இறக்கி, ஒரே அள்ளில் கிண்ணத்தை நிரப்பி, முதலில் மியெனிடம் நீட்டினார்.

அத்தை மார்பில் அடித்துக்கொண்டாள். "அட பாவி! செத்தவங்களுக்குத்தாண்டா ஒரே கரண்டி போடுவாங்க! உயிரோட உட்கார்ந்திருக்கிற பொண்ணுக்கா இப்படி?"

அப்பா கிண்ணமும் கையுமாக உறைந்துபோனார். மியென் கிண்ணத்தைப் பார்த்தாள். அவருடைய சிவந்த விரல்களைப் பார்த்தாள்.

"அப்ப இன்னொரு கரண்டி போடுங்க."

அவள் வாழ்க்கையில் கேட்டு வாங்கிய முதல் சோறு. அப்பா போட்டதில் பாதி பாயில் விழுந்தது. அப்போதுதான் சிரித்தாள். கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, வாசலைவிட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து பானை அப்பாவின் பக்கம். காந்தலும் அவருக்கே. ஒரு பல் அதில்தான் போனது.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன மருமகளே, சோறு ரெடியா?" என்பார்.

"ரெடி மாமா, கிண்ணத்தை நீட்டுங்க" என்பார் அப்பா.

மின்குக்கர் வாங்கியபோது வயர் அம்மா உட்காரும் பக்கம் வரைதான் எட்டியது. அப்பா பக்கம் வரும்படி வயரை நீட்டிக் கொடுத்தேன். நான் செய்த முதல் மின்வேலை அது. இன்று லிஃப்ட்களைப் பராமரிக்கிறேன். அந்த வயர் இன்னும் உழைக்கிறது.

அம்மாவுக்கு மட்டும் அப்பா ஒரு கரண்டியோடு நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்.

"ம், இன்னொண்ணு" என்பாள் அம்மா. ஒவ்வொரு வேளையும்.

போன மாதம் அம்மா இறந்தாள். வழக்கப்படி தலைமாட்டில் வைக்க ஒரு கிண்ணம் சோறும் ஒரு முட்டையும் வேண்டும். பெண்கள் எழுந்தார்கள். அப்பா கரண்டியை யாரிடமும் கொடுக்கவில்லை. ஒரு கரண்டி போட்டார். நிறுத்தினார்.

"அவ்ளோதான் மாமா, முட்டையை வெச்சிரலாம்" என்றாள் அத்தையின் மகள்.

"இரும்மா. அவ கேப்பா."

சோற்றிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. அப்பா கிண்ணத்தைப் பிடித்தபடியே இருந்தார். சுவரோரம் சாய்ந்திருந்த துயெத் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னொரு கரண்டி போடுடா" என்றாள்.