இக்னேஷியஸ் கொடுக்காத சிக்னல்

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்தால் போதும், இக்னேஷியஸ் நின்றுவிடுவார். ஆஸ்பத்திரிக்கு நேரமாகிறது என்று மனைவி வியாகுலம்மாள் இழுத்தாலும் நகரமாட்டார். "ரெண்டு பேரு கை காட்னா டிரைவரு எவனப் பாப்பான்? ஒர்த்தன் ஒதுங்கிக்கோ" என்பார், லாரிக்கு வழி காட்டிக்கொண்டிருப்பவர்களிடம். பேச்சு குழறினாலும் அதிகாரம் குறையவில்லை. அவர்களில் ஒருவர் ஒதுங்கியும் கொள்வார்.

துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் கிரேனுக்குச் சிக்னல் கொடுத்த மனிதர். கப்பலுக்குள் நடப்பது மேலே இருக்கும் ஆபரேட்டருக்குத் தெரியாது. இவர் வலது கட்டைவிரல் நிமிர்ந்தால்தான் கிரேன் இருபது டன் இரும்போடு எழும்பும்; ஆபரேட்டர் பார்த்துத் தலையசைக்கும்வரை அந்த விரல் இறங்காது. ஒருவருக்கும் ஒரு சிராய்ப்பு வந்ததில்லை என்பதில் அவருக்கு ஏகப்பட்ட கர்வம்; நியாயமான கர்வம்தான். அந்தக் கையைத்தான் ஏழு மாதத்துக்கு முன்பு பக்கவாதம் முடக்கிப்போட்டது.

இப்போது தலைமேல் இரட்டை வளையம் ஒன்றை வைத்து, காந்தத் துடிப்பால் மூளையைத் தட்டி எழுப்பப் பார்க்கிறார்கள். எவ்வளவு பலமாகத் தட்டுவது என்பதற்கு, கட்டைவிரல் துடிப்பதுதான் அளவு. முதல் நாள் மிஷின் 'டக்' என்றது. விரல் துள்ளியது. வியாகுலம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு அழுதார். இவரோ முகத்தைச் சுளித்தார்.

"அது நான் குட்த்த சிக்னலு இல்ல. மிசினு குட்த்தது."

அடுத்த தட்டுக்கு இடது கையால் அந்த விரலைப் பொத்திக்கொண்டார். சிகிச்சை தரும் மகிழினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மூடிக்கிட்டா அளவு எப்டி சார் எடுக்குறது?"

"ஆர்டர் இல்லாம கை தூக்குனா வேலய வுட்டே தூக்கிருவாங்கம்மா."

"மிஷின் எழுப்பிதான் வுடும் சார். வேலைய நீங்கதான் செய்யணும்."

அந்தப் பதில் பிடித்திருந்தது. கையை எடுத்துவிட்டார். ஆனால் மிஷின் ஆட்டியதையெல்லாம் கணக்கில் சேர்க்கவே இல்லை. விரல் தன் சொல்லுக்கு எழ வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. தட்டி முடித்ததும் கொடுக்கும் பயிற்சியை வீட்டிலும் விடாமல் செய்தார். "இன்னா, முர்ச்சிகினு கீறியா?" என்று விரலைத் திட்டுவதும் உண்டு.

பதினான்காம் நாள். மிஷினை அணைத்துவிட்டு, மகிழினி முதுகைக் காட்டியபடி ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மேசைமேல் கிடந்த கட்டைவிரல் நடுங்கி நடுங்கி அரை அங்குலம் நிமிர்ந்தது. வியாகுலம்மாள் மகிழினியைக் கூப்பிட வாயெடுத்தார். கண்ணாலேயே அடக்கினார் இக்னேஷியஸ். நெற்றியெல்லாம் வேர்வை. மகிழினி தானாகத் திரும்பி, பார்த்து, தலையசைக்கும்வரை அவர் விரலை இறக்கவில்லை.