திகதி இல்லாத பாலைவனப் படம்

என்னிடம் இருக்கும் படங்கள் எல்லாவற்றிலும் வலது பக்கக் கீழ் மூலையில் செம்மஞ்சள் நிறத்தில் திகதி விழுந்திருக்கும். இத்தாலியில் பலேர்மோவுக்கு வந்து வேலை நிரந்தரமானதும் நான் முதலில் வாங்கிய பொருள் அந்தக் கமரா. அதைத் தெரிவு செய்ததே அது திகதி போடும் என்பதற்காகத்தான். படத்தில் நிற்பவர் யார் என்று யாரையாவது கேட்டு அறியலாம், என்றைக்கு எடுத்தது என்பதை எழுதாமல் விட்டால் ஒருவராலும் சொல்ல முடியாது என்பது என் கட்சி. கலியாண வீட்டில் பொம்பிளையின் முகம் விழாவிட்டாலும் இவருக்குத் திகதி விழவேணும் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

ஒரே ஒரு படத்தில் மட்டும் திகதி இல்லை. அதில் ஒன்பது வயது மகள் ஒரு மணல்மேட்டின் உச்சியில் சிரிக்காமல் நிற்கிறாள்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மே மாதம், பெற்றோரைக் கூப்பிட்டுக் கதைக்கும் நாளில் அவளுடைய ஆசிரியை என்னை மிகவும் மகிழ்ச்சியோடு வரவேற்றார். அங்கே ஆரம்பப் பள்ளியில் வருடம் மாறினாலும் ஆசிரியை மாறுவதில்லை. பிள்ளைகள் அவரை மயெஸ்த்ரா என்பார்கள். கோடை விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்று போன செப்டெம்பரில் எழுதச் சொன்ன கட்டுரையில், என் மகள் குடும்பத்தோடு பாலைவனத்துக்குப் போய்க் கூடாரத்தில் படுத்ததையும் ஒட்டகத்தில் ஏறியதையும் அழகாக எழுதியிருந்தாளாம். வகுப்பு முழுவதுக்கும் வாசித்துக் காட்டினாராம். வரும் வருடம் பாலைவனங்களைப் பற்றிப் படிப்பிக்கப் போவதால் அவள் ஒரு படமும் கொஞ்ச மணலும் கொண்டுவந்தால் நல்லது என்றார்.

மகள் என் பக்கத்தில் நின்றாள். என் சின்னவிரலைப் பிடித்திருந்த அவளுடைய நகம் தோலுக்குள் இறங்கியது. நான் “ஸீ, சிஞ்ஞோரா”, ஓம் அம்மா, என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முந்தைய வருட நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ஆகஸ்ட் முழுவதும் மாடிக்கட்டடங்களில் படி கழுவியிருக்கிறேன். மகளுக்கு ஐந்து நாள் சளி. ஒரு ஞாயிறு மொண்டெல்லோவில் கடல் குளிப்பு. சனக் கூட்டத்தில் இருக்க இடமில்லாமல் புட்டை நின்றபடி சாப்பிட்டிருக்கிறோம். ஒட்டகம் எந்தப் பக்கத்திலும் இல்லை.

நாங்கள் இருந்த பிரான்காச்சோவுக்கு வரும் பஸ்ஸிலேயே அவள் காரணத்தைச் சொல்லியிருந்தாள். மற்றப் பிள்ளைகள் மலைக்குப் போனதை எழுதுவார்கள், கப்பலேறிச் சர்தேஞ்ஞாத் தீவுக்குப் போனதை எழுதுவார்கள். அதற்கு முந்தின வருடம் அவள் உண்மையைத்தான் எழுதினாள்: அம்மாவோடு வேலைக்குப் போனேன், அந்த வீட்டில் ஒரு பூனை இருந்தது. அது நாலு வரியில் முடிந்துபோனது.

“சரி, ஒட்டகம் ஏன்?” என்று கேட்டேன்.

“ஒட்டகம் இல்லாட்டி ஒருத்தரும் நம்பமாட்டினம் அப்பா.”

செப்டெம்பரில் பொய்க்காரி என்று தெரிந்துவிட்டால் இனிப் பள்ளிக்கூடமே போகமாட்டேன் என்று அவள் சொன்னது விளையாட்டாக இல்லை. ஜூன் முழுவதும் கிழமைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். போய் உண்மையைச் சொல்லுங்கோ என்றாள் மனைவி. மே மாதம் தலையாட்டியது நான் என்பதால் எனக்குக் கால் எழும்பவில்லை.

வழி காட்டியவர் மேல்மாடியில் இருந்த மன்னார் அக்கா. மொண்டெல்லோவில் ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலை செய்தார். கதையை முழுவதும் கேட்டுவிட்டு, “பாலைவனம் எண்டா மணல்தானே தம்பி? சிஞ்ஞோராவின்ரை தமையனுக்குத் தெற்குக் கரையிலை வைன் முந்திரிகைத் தோட்டம் இருக்கு. பக்கத்திலை மலை மலையாய் மணல். நான் கேட்டு வாறன்” என்றார். அந்த மனிதர் மறுப்புச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் பதினான்கு, வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்துக்குப் புறப்பட்டோம். நாலு குடும்பம், ஒரு வான், ஒரு பழைய கார். வானை ஓட்டியவர் யாழ்ப்பாணத் தீவொன்றிலிருந்து வந்து துறைமுகத்தில் வேலை செய்த தீவுக்கார அண்ணை. இரண்டு குடும்பம் மாதாவைக் கும்பிடும் வேதக்காரர், எங்களோடு இரண்டு குடும்பம் சைவம். வெள்ளியில் எங்களுக்கு மச்சம் ஆகாது என்று அவர்களும் அன்றைக்கு மரக்கறியோடு நின்றுகொண்டார்கள். ஆட்டிறைச்சி ஐஸ்பெட்டிக்குள் சனிக்கிழமைக்காகக் காத்திருந்தது.

மூன்று மணித்தியாலப் பயணத்துக்குப் பிறகு மணலைக் கண்டோம். மஞ்சள் மேடுகள் ஒன்றின் பின் ஒன்றாகப் போயின. கடைசி மேட்டில் ஏறினால்தான் கடல் தெரியும். மகள் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினாள்.

உண்மையான கூடாரம் ஒன்றுதான் இருந்தது, அதுவும் இரவல். மற்ற மூன்றையும் திரைச்சீலைக் கம்புகளை நட்டு, எங்கள் வேலைவீட்டுச் சிஞ்ஞோராமார் கழித்துவிட்ட படுக்கை விரிப்புகளையும் மேசை விரிப்புகளையும் கட்டி எழுப்பினோம். எங்களுடையதன் வாசலில் யாரோ ஒரு பிரபுக் குடும்பத்தின் பெயரெழுத்துகள் பட்டுநூலில் பின்னப்பட்டிருந்தன.

பிறகு சமைக்கவென்று சாமான்களை இறக்கினோம். முதலில் எங்கள் வீட்டு ரைஸ் குக்கர் இறங்கியது. அடுத்துத் தீவுக்கார அண்ணையின் மனைவி தங்களுடையதை இறக்கினார். அதன் பிறகு மூன்றாவது, நாலாவது. ஒரு பானைகூட வரவில்லை. அதுவரைக்கும் எங்கள் பிறந்தநாள், ஒன்றுகூடல் எல்லாமே தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில்தான் நடந்தன. ஒவ்வொரு வீடும் தன் குக்கரைக் கொண்டுவந்து சுவரோரம் வரிசையாக வைத்துக் கரண்டில் செருகும். அந்தப் பழக்கம் அப்படியே வானில் ஏறிவிட்டது.

ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. தீவுக்கார அண்ணை மட்டும் ஒரு குக்கரைத் தூக்கிக்கொண்டு, வயர் மணலில் இழுபட, மேட்டில் ஏறினார். உச்சியில் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, “ஆராவது இஞ்சை ஒரு சுவரைக் கண்டனியளோ?” என்றார்.

சிரிப்பு அடங்குவதற்குள் மன்னார் அக்கா தோட்டத்து வேலியோரம் போய்க் கல் பொறுக்கி வந்தார். நாலு குக்கர்களின் உள்சட்டிகளையும் உருவியெடுத்தார். மூன்று கல், ஒரு சட்டி. மூன்று கல், ஒரு சட்டி. முந்திரிகைக் கொடியின் காய்ந்த கட்டைகள் நன்றாக எரிந்தன. சின்ன வயதில் ஆகஸ்ட் திருநாளுக்கு மடு மாதா கோயில் காட்டுக்குள் பத்து நாள் கூடாரமடித்துச் சமைத்தவர் அவர். “அங்கை மாதா எங்களுக்குக் கரண்ட் தந்தவவோ?” என்று ஊதிக்கொண்டே கேட்டார். சட்டிகளின் அடி கறுத்ததைப் பார்த்த என் மனைவிக்குத்தான் வயிறு எரிந்தது.

அன்று பின்னேரம் மகள் என்னைத் தனியே கூட்டிப் போனாள். கடல் விழாத ஒரு மேட்டை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தாள். உச்சியில் ஏறி நின்று, “அப்பா, மூலையிலை விழுறதை நிப்பாட்டுங்கோ” என்றாள்.

“எதை?”

“திகதியை. நான் போன வருசம் எண்டெல்லோ எழுதினனான்.”

அதற்குக் கமராவில் கடுகளவு பொத்தான் ஒன்று உண்டு. வாங்கிய நாள் தொட்டு நான் அதைத் தொட்டதில்லை. அவள் அசையாமல் நின்றாள். நான் அமத்தினேன், ஒரு படம் எடுத்தேன், உடனே திகதியைத் திரும்பப் போட்டேன். இரண்டு பேரும் கீழே இறங்கினோம்.

சனிக்கிழமை விடிய மணிச் சத்தம் கேட்டது. கூடாரத்தை விட்டு வெளியே வந்தால் அறுபது எழுபது ஆடுகள் எங்களுக்கு நடுவே நின்றன. மேய்ப்பவர் எங்கோ பின்னால் மெல்ல வந்துகொண்டிருந்தார். ஒரு ஆடு பிரபுக் குடும்பத்துப் பெயரின் முதலெழுத்தைச் சாப்பிட்டு முடித்து இரண்டாவதைத் தொடங்கியிருந்தது. தீவுக்கார அண்ணை பிளாஸ்ரிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு துரத்தப் போனார்; தாடி வைத்த கிடாய் ஒன்று திரும்பி அவரைத் துரத்தியது. மணலில் இரண்டு அடி ஏறி ஓரடி சறுக்கி அவர் ஓடியதைப் பார்த்து என் மகள் விக்கல் வரும்வரை சிரித்தாள். அந்தப் படமும் இருக்கிறது, சிரிப்பில் கமரா ஆடியதால் ஆட்டமாக, திகதியோடு.

அன்று மாதாவின் திருநாள். ஒரு குக்கரின் வெற்றுக்கூட்டின் மேல் சின்ன மாதா படத்தை வைத்து எல்லோரும் கும்பிட்டோம். மதியம் புகை மணக்கும் சோறும் ஆட்டிறைச்சிக் கறியும். ஆடுகள் தூர நின்று பார்த்தன. “அதுகள் கணக்கெடுக்க முன்னம் கெதியாய்ச் சாப்பிடுங்கோ” என்றார் அக்கா.

ஞாயிறு கூடாரங்களைக் கழற்றும்போது மகள் ஒரு தண்ணீர்ப் போத்தலில் மணலை நிரப்பிக்கொண்டு என்னிடம் வந்தாள். எல்லோரையும் சேர்த்து ஒரு படம் எடுக்கச் சொன்னாள். கடல் விழவேணும், கறுத்த சட்டிகளும் விழவேணும், ஆடு கடித்த விரிப்பும் விழவேணும். எல்லோரையும் கடைசி மேட்டுக்கு ஏற்றி நிற்பாட்டிய பிறகு, வரிசையை விட்டு என்னிடம் ஓடி வந்தாள்.

“திகதி இருக்கோ?”

“ஓம், இருக்கு.”

“அப்ப சரி,” என்று போய் நடுவில் நின்றுகொண்டாள்.

பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் நாள் நானும் கூடப் போனேன். அவள் ஞாயிறு எடுத்த படத்தை ஆசிரியையின் மேசையில் வைத்து, போன வருடம் எழுதியது தான் கற்பனை செய்தது, இது உண்மையாகப் போனது, ஆனால் பாலைவனம் இல்லை என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். ஆசிரியை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மே மாதம் நான் சொன்ன “ஸீ”யும் கற்பனைதான் என்றேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு படத்தைக் கண்ணருகே பிடித்து, இந்தக் கறுத்த சட்டிகள் என்ன என்று கேட்டார். மகள் ரைஸ் குக்கரில் தொடங்கினாள். மணி அடித்தும் அவள் நிறுத்தவில்லை.

அந்த வருடக் கட்டுரை மூன்று பக்கம் வந்தது. கிடாய் மனிதரைத் துரத்தும் இடத்துக்குப் பக்கத்தில், இவ்வளவும் நடந்ததா என்று சிவப்பு மையில் ஒரு கேள்வி இருந்தது. ஆட்டமான படத்தை அடுத்த நாள் கொடுத்தனுப்பினேன். மணல் போத்தல் வகுப்பு அலுமாரியில் ஏறியது. அதில் ஒட்டுவதற்குத் துண்டு எழுதும் வேலையை அவள் எனக்குத் தந்தாள். இடம், திகதி, கிழமை, நேரம் எல்லாம் எழுதினேன்.

திகதி இல்லாத படத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அல்பத்தின் கடைசியில் செருகி வைத்தேன். பின்பக்கத்தில் எழுத எனக்கு மனம் வரவில்லை. சில மாதங்கள் கழித்து ஏதோ தேடும்போது திருப்பிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் பழகிய கோணல் எழுத்தில் அவளே எழுதியிருந்தாள்:

“வெள்ளிக்கிழமை பின்னேரம். ஒட்டகம் படத்துக்கு வெளியிலை நிக்குது.”