மத்தியானம் கொடுத்த தீவு

மண்ணரையில் நான் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் நாட்டுப்பற்றுக்குக் குறைவில்லை. முதலாளி தினமும் காலையில் செல்போனில் ஸ்டேட்டஸ் வைப்பார். கச்சத்தீவை மீட்போம் என்று கொஞ்ச நாளாக வைத்துக்கொண்டிருந்தார். பின்னால் கொடி பறக்கும். அவர் ஊர் குண்டடம் பக்கம். கடலை அவர் பார்த்தது ஒரே ஒரு தடவை, அவர் அப்பாவுக்குத் திதி கொடுக்கப் போனபோது. கணுக்கால் வரை இறங்கினாராம். உப்பாக இருந்ததாம்.

நான் கடற்கரைக்காரி. ராமநாதபுரம் பக்கம். என் தம்பி இன்னும் கடலுக்குப் போகிறான். எல்லை தாண்டினான் என்று இலங்கை நேவி ஒருமுறை பிடித்து உள்ளே வைத்தது. ஆள் வந்துவிட்டான். படகு வரவில்லை. நான் ஸ்டேட்டஸ் ஒன்றும் வைக்கவில்லை.

எங்கள் கம்பெனிச் சரக்கைப் பார்த்து பாஸ் போட வருகிறவர் யாழ்ப்பாணத்துக்காரர். துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு இன்ஸ்பெக்டர். என்னை விட வயதில் சின்னவர். அவர் பாஸ் போட்டால்தான் பெட்டி கப்பலேறும். எனக்குச் செக்கிங் டேபிள். அதனால் வந்தால் என் பக்கத்தில்தான் நிற்பார்.

பழக்கம் கருவாட்டில் ஆரம்பித்தது. முதலாளி அவருக்கு ஆபீஸ் ரூமில் பிரியாணி வரவழைத்து வைப்பார். ஒரு நாள் அதை விட்டுவிட்டு, நாங்கள் சாப்பிடும் ஷெட்டுக்கு மோப்பம் பிடித்து வந்தார்.

"என்ன கருவாடு அக்கா?"

"வாளை. எந்தம்பி குடுத்து விட்டது."

"எங்க பிடிச்சவர்?"

"கடல்லதான்."

"எந்தப் பக்கத்துக் கடல் எண்டு கேக்கிறன்."

"மீனு சொல்லலயே தம்பி."

சிரித்துவிட்டார். உட்கார்ந்து சோறு வாங்கிக்கொண்டார். "எங்கட மீனைக் களவெடுத்து எனக்கே தாறியள்."

"அப்ப வச்சுருங்க."

வைக்கவில்லை. குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டார்.

அதிலிருந்து அவர் வரும்போதெல்லாம் எங்களுக்குள் சண்டை. அவர் மச்சான் அந்தக் கரையில் சின்னப் படகு வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்து விசைப்படகுகள் கடலின் அடியோடு மடிவலையை இழுத்துக்கொண்டு போனதில் மச்சானுடைய வலை நாசமாகிவிட்டதாம்.

"உங்கட போட்டுகள் வந்திட்டுப் போனா கடல்ல குஞ்சு கூட மிஞ்சாது."

"ஒங்க நேவி எங்க படகக் கரையில போட்டு மக்க விட்டுச்சே, அது?"

"எல்லை தாண்டினாப் பிடிப்பினம்தானே."

"எல்லைய எங்க பாட்டன் பாத்ததில்ல."

"உங்கட பாட்டன் இழுவைமடியும் போடேல்லை அக்கா."

அது நிஜம்தான். அதற்காக நான் ஒத்துக்கொள்ளவில்லை. படகு விஷயத்தில் அவரும் அப்படித்தான். சோறு தீரும் வரை பேசுவோம். பிறகு கை கழுவிவிட்டு என் டேபிளில் வந்து பீஸ்களை உருவி ரிஜெக்ட் போடுவார். கோபத்தில் இல்லை. ஓட்டை இருக்கும்.

சூப்பர்வைசர் இதைக் கொண்டுபோய் முதலாளி காதில் போட்டார். அவருக்கு அதுதான் முழுநேர வேலை.

அப்போது ஒரு பெரிய ஆர்டர் முடிந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு நின்றது. ஒரே கலராக வர வேண்டிய பனியனில் கைத்துணி ஒரு கலர், உடம்புத்துணி ஒரு கலர். சாயத்திலேயே மாறி வந்துவிட்டது. கண் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். நான் தனியாக எடுத்து வைத்தேன். சூப்பர்வைசர் திரும்பக் கலந்துவிட்டார். டியூப் லைட்டில் தெரியாதாம்.

காலையில் முதலாளி என் டேபிளுக்கே வந்தார்.

"ஏனுங்கம்மா, அந்தக் கருவாடு கொண்டாந்திருக்கறீங்களா?"

"நேத்து வரைக்கும் நாத்தம்னீங்க."

"அது கெடக்குதுங்க. இன்னைக்கு அவருகிட்ட எதுத்துப் பேச வேண்டாமுங்க. கடல் விசயத்துல தப்பெல்லாம் எங்காளுக மேலதான்னு சொல்லிப்போடுங்க. ஒரு வார்த்தைதானுங்களே."

"எந்தம்பி படகு?"

"உங்க தம்பி படகுலயா எஞ்சரக்குப் போகுது? சொல்லுங்க. இல்லீன்னா நாளைக்கு வர வேண்டாமுங்க."

இந்த ஊரில் வேலையை விட்டு நிறுத்தினாலும் மரியாதையாகத்தான் நிறுத்துவார்கள்.

கம்பெனிக்காக நான் எத்தனையோ தடவை தலையாட்டியிருக்கிறேன். இந்த வேலை போனால் அடுத்த மாத வீட்டு வாடகைக்கு வழியில்லை. அதுவும் தெரியும்.

மத்தியானம் இன்ஸ்பெக்டர் வழக்கம்போல ஷெட்டுக்கு வந்தார். பின்னாலேயே முதலாளியும் வந்தார். அந்த ஷெட்டுக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான். கர்ச்சீப்பை விரித்து உட்கார்ந்தார். ஸ்டேட்டஸைக் காலையிலேயே எடுத்துவிட்டார் என்று சூப்பர்வைசர் என் காதில் சொன்னார். அதையும் பெருமையாகச் சொன்னார்.

"கச்சத்தீவு உங்களுதுதானுங்க சார்," என்றார் முதலாளி. "நம்மாளுக சும்மா கத்தறானுங்க. திருட்டுப் பசங்க."

"ஆமாங்க சார்," என்றார் சூப்பர்வைசர். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ரெண்டு டெய்லர்களும் ஆமாம் என்றார்கள். அவர்களும் கடலைப் பார்த்தவர்கள் இல்லை.

இன்ஸ்பெக்டர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "தீவைத் தாறதுக்கு அது என்ன உங்கட தோட்டமோ முதலாளி?"

முதலாளி அதற்கும் சிரித்தார்.

"அக்கா என்ன சொல்லுறியள்?"

முதலாளி என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"எந்தம்பி திருடன் இல்ல. படகு வரணும்," என்றேன்.

"வலைக்கு ஆர் பொறுப்பு?"

"அதப் பேசலாம். படகு வரட்டும்."

"பாத்தியளோ," என்றார் முதலாளியிடம். "இந்த அக்காவோட கதைக்கலாம்."

கை கழுவினார். நாலு பீஸை எடுத்துக்கொண்டு வெளியே வெயிலுக்குப் போனார். பனியனின் கையை மடக்கி அதன் உடம்புத்துணி மேல் வைத்துப் பார்த்தார். பெயில். சரக்கு முழுவதையும் திரும்பப் பிரித்துச் செக் பண்ணச் சொல்லிவிட்டார்.

சாயங்காலம் ஸ்டேட்டஸ் திரும்ப வந்தது. இந்த முறை ரெண்டு கொடி. மத்தியானம் கொடுத்த தீவை இருட்டுவதற்குள் திரும்ப வாங்கிக்கொண்டார். ராஜாக்கள் கூட இத்தனை வேகமாகச் செய்திருக்க மாட்டார்கள்.

என்னை அவர் நிறுத்தவில்லை. அத்தனை பீஸையும் பிரித்துப் பார்க்க ஆள் வேண்டும். "நாளைக்கு நேரத்துல வந்துருங்கம்மா," என்றார், முகத்தைப் பார்க்காமல்.

இன்ஸ்பெக்டர் வண்டியை எடுக்கும்போது கேட் பக்கம் நின்றேன்.

"அடுத்த முறையும் கொண்டு வாங்கோ அக்கா. எங்கட மீன்."

"எங்க மீன்."

"ஓமோம்," என்று சொல்லிவிட்டுப் போனார். ஒத்துக்கொண்டு சொன்ன ஓம் இல்லை அது.

மறுநாள் கம்பெனி வாசலில் பாய் விரித்து வெயிலில் பீஸ்களைப் பரப்பினேன். சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"பாத்தீங்களா, அந்த நாட்டுக்காரப் புத்தியக் காட்டிப்போட்டான். வேணும்னே பெயில் போட்டிருக்கான்."

ஒரு பீஸை அவரிடம் நீட்டினேன். கையை உடம்போடு சேர்த்துப் பாருங்க என்றேன்.

வாங்கவில்லை. வெயிலில் கண் கூசுகிறது என்று சொல்லி உள்ளே போனார்.