வறுத்த மல்லியும் இருபது லிட்டர் பீரும்

கோப்பையை வாயருகே கொண்டுபோனதும் கொத்தமல்லி விதை மணத்தது. பெல்ஜியத்தில் கென்ட் நகரத்துக்கு நான் படிக்கப் போன முதல் மாதம் அது. கோதுமை சேர்த்துக் காய்ச்சிய, கலங்கலான வெள்ளைப் பீர். புதுச்சேரிக்காரனுக்குப் பீரைப் பற்றி எவனும் பாடம் எடுக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். நம்மூரில் பீரைப் பற்றி நாம் கேட்பது ஒரே கேள்விதான்: கூலிங்கா இருக்கா? அங்கே பக்கத்து மேசையில் ஒரு பெண்மணி கோப்பைக்குள் மூக்கை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, பூ முகர்வதுபோல் உட்கார்ந்திருந்தார். நானும் மூக்கை விட்டேன். மல்லி, அதன் பின்னால் ஆரஞ்சுத் தோல். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு டப்பாவில் கிடக்கிற மல்லியைத்தான் இவர்கள் பீரில் போடுகிறார்கள் என்றால், இதைக் காய்ச்ச என்னை விட்டால் வேறு யார்? அன்றைக்குப் பிடித்தது இந்தக் கிறுக்கு.

அதன்பிறகு சனிக்கிழமைதோறும் பார்ட் என்பவரின் சின்னப் பீர் ஆலையில் பீப்பாய் கழுவினேன். அதிகம் பேசாத மனிதர். ஒரு வருடம் கழித்து அவரே சொன்னார்: இருபது லிட்டர் நீயாகக் காய்ச்சு, நன்றாக வந்தால் படிப்பு முடிந்ததும் வேலைக்கு வைத்துக்கொள்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களுக்கு இதன் கனம் புரியும். ஜூனில் படிப்பு முடிகிறது. வேலை இல்லையென்றால் விசா இல்லை. விசா இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஊரிலிருந்து மல்லி வரவழைத்தேன். அங்கே கிடைப்பது உருண்டை. நம்முடையது கொஞ்சம் நீளவாக்கு, வாசனையும் கூட. பொன்னிறமாக வறுத்து, இடித்து, கொதியில் போட்டேன். மூன்று வாரம் கழித்து பார்ட் ஒரு வாய் குடித்தார். வெகுநேரம் யோசித்துவிட்டு, "இன்ட்ரஸ்டிங்" என்றார். அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டு, "அவருக்குப் புடிச்சிருச்சு" என்று கத்தினேன். மறுவாரம் போனால் என் பீரைக் கொட்டிவிட்டு, கலனைக் கழுவிக் கவிழ்த்திருந்தார். அந்த ஊரில் "இன்ட்ரஸ்டிங்" என்பது பாராட்டு இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கென்று எடுத்துவைத்திருந்த இரண்டு பாட்டில்தான் மிச்சம். "பிப்ரவரியில் இன்னொரு தடவை. அதோடு சரி" என்றார் பார்ட்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது அதில் ஒரு பாட்டிலையும் பார்ட்டின் பீர் ஒன்றையும் துணிக்குள் சுற்றி எடுத்துவந்தேன். அப்பா வெளியே கிளம்பும்வரை காத்திருந்து, ஸ்டெல்லா அக்காவை மொட்டை மாடிக்கு இழுத்துப்போனேன். கிறிஸ்துமஸ் ஒயினைத் தவிர வேறெதையும் தொடாதவள். ஆனால் குழம்பில் உப்பு எத்தனை கல் கூடியதென்று சொல்லக்கூடிய நாக்கு.

முதலில் என்னுடையதைக் குடித்தாள். முகம் கோணியது.

"டேய், ரசத்துல சோடா ஊத்திக் குடுக்கறியா?"

"நக்கல் பண்ணாத. இப்ப இதக் குடி."

பார்ட்டின் பீரை இரண்டு முறை உறிஞ்சினாள். "இது நல்லா இருக்குது. ஆமா, நீ ஏன்டா மல்லிய வறுத்த?"

"வறுக்காம போட்டா பச்ச வாசன அடிக்காதா?"

"அந்தப் பச்ச வாசனதானேடா இதுல அடிக்குது! லூசு. குழம்பா வெக்கப் போன அங்க?"

எனக்கு உறைத்தது. பச்சை வாசனை போக வறுக்க வேண்டும், வதக்க வேண்டும், கொதிக்கவிட வேண்டும் என்பதைத் தாய்ப்பாலோடு குடித்து வளர்ந்த கூட்டம் நாம். நாம் விரட்டுகிற அந்த வாசனைக்குத்தான் அவர்கள் பீர் காய்ச்சுகிறார்கள். பார்ட் நான் வறுப்பேன் என்று நினைத்தே பார்க்கவில்லை. வறுக்காமல் போடலாம் என்று நானும் நினைத்துப் பார்க்கவில்லை. ஒரு வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்றும் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

உடனே சமையலறைக்கு ஓடினோம். இரண்டு டம்ளர் வெந்நீர்: ஒன்றில் வறுத்து இடித்த மல்லி, இன்னொன்றில் வறுக்காமல் இடித்தது. முதலாவது சாப்பாட்டு நேரத்தை நினைவூட்டியது. இரண்டாவதில் எலுமிச்சை, ஏதோ பூ, லேசான இனிப்பு. அக்கா அதையே திரும்பத் திரும்ப முகர்ந்தாள். "இத்தன வருஷமா இதையாடா வறுத்துக் கொன்னோம்?" என்றாள். பிறகு, "ஆரஞ்சுத் தோலுக்குப் பதிலா நாரத்தங்கா போடேன். கசப்பும் இருக்கும், வாசனையும் தூக்கும்" என்றாள். மார்க்கெட்டுக்கு வண்டியை எடுத்தேன்.

இதை எழுதும்போது பழைய வேட்டியொன்றின் மேல் நாரத்தந்தோல் காய்கிறது, உள்பக்க வெள்ளையைச் சீவி எடுத்த பச்சைத் துண்டுகளாக. பிப்ரவரியில் மல்லியை வறுக்காமல் இடித்து, கொதியின் கடைசி ஐந்து நிமிடத்தில் போடப் போகிறேன். கூடவே தோல் ஒரு கைப்பிடி. பார்ட் என்ன சொல்வாரோ தெரியாது. இந்த முறை முதலிலேயே அவரை டம்ளரோடு உட்காரவைத்துக் கேட்டுவிடுவேன். கென்ட்டில் இந்த மாதம் வெயில் என்பதே இல்லை. இங்கே எனக்கென்று ஒரு கலன் இல்லை. அதனால் தோல் இங்கே காய்ந்து, அங்கே போய் ஊறியாக வேண்டும். தொட்டுப் பார்த்தேன், ஓரம் மொறுமொறுப்பாகிவிட்டது, நடுவில் இன்னும் ஈரம். விமானம் வெள்ளிக்கிழமை.